சுஜாதா காணாத எந்திரன்

எழுத்தாளர் சுஜாதாவின் இயற்பெயர் ரங்கராஜன். 1935-ல் சென்னையில் பிறந்த அவர், ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் பயின்றார். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் என்ஜினீயரானார். மின்னணு வாக்குப்பதிவு எந்திரம் உருவானதில் அவருக்கும் பங்கு உண்டு.

மனைவியின் பெயரில் கதைகள் எழுதினார். 'என் இனிய இயந்திரா'வில் வரும் எந்திர நாய் ஜீனோ, மனிதரைப் போலப் பேசி வாசகரை மயக்கியது.

அடுத்து, எந்திர மனிதனை வெள்ளித்திரையில் நடமாடவிட ஆசை. டைரக்டர் ஷங்கருடன் கதை தயாரித்தார். கமலஹாசன் நடிப்பதாக இருந்தது. வேடமிட்டுப் புகைப்படங்களும் எடுத்தார்கள். ஆனால், படம் கைவிடப்பட்டது!

பல ஆண்டுகளுக்குப் பின், ரஜினிகாந்த் நடிக்க முயற்சி மீண்டும் உயிர் பெற்றது. சுஜாதா வசனமும் எழுதினார். 2008 பிப்ரவரி 27-ல், 72 வயதில் காலமானார். 'எந்திரன்' திரைக்கு வந்தது 2010-ல். அவர் படைத்த எந்திர மனிதன் நடந்து வந்தபோது, பார்க்க அவர் இல்லை.