திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார்

நம் ஆலயங்களில் தேவாரம் ஓதும்போது திருஞானசம்பந்தர் பெயரைச் சொல்லாத நாளில்லை. அவருடைய பதிகங்களை யாழில் இட்டு ஊர் ஊராக ஒலிக்கச் செய்த பெரியவரை நினைப்போர் குறைவு. அவரே அறுபத்து மூவருள் ஒருவரான திருநீலகண்ட யாழ்ப்பாணர். (யாழ்ப்பாணம் என்ற ஊர்ப் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் யாழ்பாடி வேறு, இவர் வேறு.)

விருத்தாசலத்தை அடுத்த திருஎருக்கத்தம்புலியூர் இவரது ஊர். காலம் கி.பி. 7ஆம் நூற்றாண்டு. பாணர் குலத்தில் பிறந்தவர். அக்காலத்தில் அக்குலத்தார் கோயிலுக்குள் புக முடியாது. ஆகவே மதுரையிலும் திருவாலவாய் வாயிலுக்கு வெளியே நின்றே யாழ் வாசித்தார். இறைவன் அன்றிரவு அடியார்களின் கனவில் தோன்றி, பாணரை உள்ளே அழைத்து வரப் பணித்தான். தரையின் ஈரம் பட்டால் யாழின் நரம்பு தளரும் என்று பொற்பலகையும் இடச் செய்தான். திருவாரூரில் இவருக்காகவே வடக்கு வாயில் ஒன்று உண்டாயிற்று. பெரட்டுக்குத் தப்படித்து ஆள் கூட்டிய கைகள் திருவிழாவில் எங்கே நிறுத்தப்பட்டன என்பதை அறிந்த நம் தோட்டத்து மக்களுக்கு இதன் அருமை விளங்கும்.

சீகாழிப் பிள்ளையாரின் புகழ் கேட்டு, மனைவியார் மதங்கசூளாமணியாருடன் அங்கே சென்றார். பிள்ளையாரோ அந்தணச் சிறுவர். பாணரோ பல தலங்களில் வாசித்துப் பெயர் பெற்றவர். பிள்ளையார் அவரை ஐயர் என்று விளித்து வரவேற்றதாகச் சேக்கிழார் பாடுகிறார். அன்று முதல் பிள்ளையாரின் பதிகங்களை யாழில் இட்டு வாசித்து, பிரியாமல் உடன் இருக்க வரம் கேட்டுப் பெற்றார். பின்னர் பாணரின் விருப்பப்படி பிள்ளையார் எருக்கத்தம்புலியூருக்கும் சென்று, அவர் பிறந்த ஊரைக் கண்டு மகிழ்ந்தார். திருச்சாத்தமங்கையில் திருநீலநக்கரின் இல்லத்தில் பாணர் தம்பதியருக்கு வேள்விக் குண்டத்தின் அருகே இடம் தரப்பட்டது. வேள்வித் தீ வலம் சுழித்து எழுந்தது.

இந்த நட்புக்குச் சோதனை வந்தது பாணரின் உறவினர்களால். காரைக்காலை அடுத்த தருமபுரம் அவருடைய தாயார் பிறந்த ஊர். பாணர் யாழில் வாசிப்பதால்தான் பதிகங்களுக்குப் புகழ் என்று அங்கிருந்த சுற்றத்தார் பேசினர். வேறொருவராயிருந்தால் உள்ளுக்குள் மகிழ்ந்து பேசாமல் இருந்திருப்பார். பாணர் நடுங்கிவிட்டார். யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடி ஊரார்க்கு உண்மையை உணர்த்த வேண்டும் என்று பிள்ளையாரை அவரே வேண்டினார். தம் வித்தையின் தோல்வியைத் தம் உறவினர் முன்னிலையிலேயே கேட்டு வாங்கிக் கொண்டார்!

யாழில் ஒவ்வொரு நரம்புக்கும் ஒவ்வொரு சுரம். குரல் வளைந்து நெளியும் இடமெல்லாம் நரம்பு போக முடியாது. பிள்ளையார் அத்தகைய பதிகத்தைப் பாடினார். பாணரின் கை ஓய்ந்தது. இந்தக் கருவியால் அல்லவா இக்குற்றம் வந்தது என்று அதை உடைக்க ஓங்கினார். பிள்ளையார் தடுத்து, யாழைத் தம் கையில் வாங்கிக்கொண்டார். இறைவன் புகழ் முழுவதும் ஒரு கருவியில் அடங்குமா, இயன்ற அளவில் வாசியும் என்று திருப்பிக் கொடுத்தார். யாழ்மூரி எனப்படும் அப்பதிகம் முதலாம் திருமுறையில் 136ஆவதாக உள்ளது. ஓதுவார்கள் அதனை அடாணா இராகத்தில் பாடுவர்.

திருநல்லூர்ப் பெருமணத்தில் பிள்ளையாரின் திருமண நாளில் எழுந்த சோதியில் பாணரும் மனைவியாரும் உடன் கலந்தனர். இருவருக்கும் குருபூசை ஒரே நாள், வைகாசி மூலம்.

யாழும் பிற்காலத்தில் வழக்கொழிந்தது. நம் நாட்டுக் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் அதன் இலக்கணத்தை ஆராய்ந்து எழுதிய யாழ் நூல், 1947இல் சம்பந்தர் பாடிய திருக்கொள்ளம்பூதூர்த் தலத்திலேயே அரங்கேறியது.

சோழர் காலத்தில் நம்பியாண்டார் நம்பி தேவார ஏடுகளைத் தில்லையில் கண்டெடுத்தபோது, பாடல்கள் கிடைத்தன, பண் தெரியவில்லை. எருக்கத்தம்புலியூரில் பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியை அழைத்து வந்தே பண் வகுத்ததாகத் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது.