பாதியில் நின்ற கணக்கு எந்திரம்

கம்ப்யூட்டரின் தந்தை என்று உலகம் போற்றும் சார்லஸ் பாபேஜ், தன் வாழ்நாளில் ஒரு பெரிய கணக்கு எந்திரத்தைக்கூட முழுதாகக் கட்டி முடிக்கவில்லை.

அவருக்கு அறிவு குறைவா? இல்லை. பணம் இல்லையா? அரசாங்கமே பணம் கொடுத்தது. கைதேர்ந்த தொழிலாளர்களும் இருந்தார்கள். ஆனாலும் வேலை பாதியில் நின்றது.

ஏன்?

ஒரு பெரிய வேலையைத் திட்டம் போட்டு நடத்தி, குறித்த காலத்தில் முடிப்பது ஒரு தனிக் கலை. இன்று கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் கம்பெனிகளில் அதற்கு புராஜெக்ட் மேனேஜ்மெண்ட் என்று பெயர். அந்தக் கலையைக் கற்க விரும்புகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது பாபேஜின் வாழ்க்கை.

பணக்காரர் மகன்

பாபேஜ் லண்டன் நகரில் 1791-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 26-ந் தேதி பிறந்தார். தந்தை பெஞ்சமின் பாபேஜ் பாங்கு நடத்தியவர். வீட்டில் செல்வத்துக்குக் குறைவு இல்லை.

சிறுவனுக்குக் கணக்கு என்றால் உயிர். 1810-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஜான் ஹெர்ஷல் என்ற மாணவர் அவருக்கு உயிர் நண்பர் ஆனார். 1814-ல் ஜார்ஜியானா என்ற பெண்ணை மணந்தார்.

தப்புக் கணக்கு

அந்தக் காலத்தில் மாலுமிகளும் என்ஜினீயர்களும் வாய்ப்பாட்டுப் புத்தகங்களை நம்பி இருந்தார்கள். நாம் பள்ளியில் படிக்கும் பெருக்கல் வாய்ப்பாடு போல அல்ல; பக்கம் பக்கமாக நீண்ட எண்கள் கொண்டவை.

அவற்றை மனிதர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். வேறு ஒருவர் பிரதி எடுத்தார். இன்னொருவர் அச்சுக் கோர்த்தார். மூன்று இடத்திலும் பிழை புகுந்தது. நடுக்கடலில் தப்பான எண்ணை நம்பினால் கப்பலுக்கே ஆபத்து.

1821-ம் ஆண்டு பாபேஜும் ஹெர்ஷலும் இப்படிப்பட்ட ஒரு வாய்ப்பாட்டைச் சரிபார்த்தார்கள். பிழைக்கு மேல் பிழை வந்தது. பாபேஜுக்குச் சலித்துப் போயிற்று. இந்தக் கணக்கை எல்லாம் நீராவி எந்திரத்தால் போட முடியாதா என்ற எண்ணம் அப்போது பிறந்தது.

கூட்டத் தெரிந்தால் போதும்

வழி சுலபமானது. 1, 4, 9, 16, 25 என்ற எண்களைப் பாருங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் 3, 5, 7, 9. அந்த வித்தியாசம் ஒவ்வொரு தடவையும் 2 கூடுகிறது. ஆகவே பெருக்கவே வேண்டாம். கூட்டிக்கொண்டே போனால் அடுத்த எண் வந்துவிடும். கூட்டும் வேலையைப் பல் சக்கரங்கள் செய்யும்.

1822-ல் ஒரு சிறிய மாதிரி எந்திரம் செய்து காட்டினார். அறிஞர்கள் வியந்தார்கள். அரசாங்கம் 1823-ல் பெரிய எந்திரம் கட்ட 1,500 பவுன் கொடுத்தது.

எழுதாத ஒப்பந்தம்

முதல் கோணல் இங்கேதான் நேர்ந்தது.

பாபேஜ் நிதி மந்திரியைச் சந்தித்துப் பேசினார். மொத்தச் செலவு எவ்வளவு, யார் பொறுப்பு என்பது எதுவும் எழுத்தில் வைக்கப்படவில்லை. செலவு முழுவதையும் அரசாங்கம் ஏற்கும் என்று பாபேஜ் நினைத்தார். கொடுத்த பணத்தோடு தீர்ந்தது என்று அதிகாரிகள் நினைத்தார்கள். பின்னால் ஆண்டுக் கணக்கில் நடந்த சண்டைக்கு இதுவே வித்து.

எந்திரத்துக்கு 25 ஆயிரம் உறுப்புகள் தேவைப்பட்டன. ஒரே அச்சில் வார்த்தது போல ஆயிரக்கணக்கில் செய்யும் தொழில் அப்போது வளரவில்லை. ஜோசப் கிளெமெண்ட் என்ற சிறந்த பட்டறைக்காரரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. ஒவ்வொரு சக்கரத்தையும் மிக நுட்பமாகச் செய்தார்கள். அதற்கான கருவிகளையே புதிதாகச் செய்ய வேண்டி இருந்தது. நாட்கள் ஓடின. பாபேஜும் வரைபடத்தைத் திருத்திக்கொண்டே இருந்தார்.

சோகம்

1827-ம் ஆண்டு பாபேஜின் வாழ்வில் இடி விழுந்தது. தந்தை இறந்தார். ஒரு மகன் இறந்தான். அருமை மனைவி ஜார்ஜியானாவும் இறந்தார். எல்லாம் ஒரே ஆண்டில்.

தந்தை வைத்துப்போன சொத்து சுமார் 1 லட்சம் பவுன். ஆனால் மனம் உடைந்த பாபேஜ் வெளிநாடுகளுக்குப் போய்விட்டார். பட்டறை வேலையை ஹெர்ஷல் கவனித்துக்கொண்டார்.

1828-ல் பாபேஜ் திரும்பி வந்தார். அப்போது நெப்போலியனை வென்ற வெல்லிங்டன் பிரபு பிரதம மந்திரியாக இருந்தார். அவர் எந்திரத்தின் மாதிரியை நேரில் பார்த்து, மேலும் பணம் கிடைக்கச் செய்தார்.

ஊருக்கு உபதேசம்

1832-ல் தொழிற்சாலைகள் பற்றி பாபேஜ் ஒரு புத்தகம் வெளியிட்டார். பல தொழிற்சாலைகளை நேரில் பார்த்து எழுதியது. வேலையை எப்படிப் பிரிப்பது, எந்த வேலைக்கு எவ்வளவு திறமை உள்ள ஆளை வைப்பது, செலவை எப்படிக் கணக்கிடுவது என்றெல்லாம் அதில் சொல்லி இருந்தார். புத்தகத்துக்கு நல்ல வரவேற்பு.

ஆனால் அவருடைய சொந்த வேலை அவர் கையை மீறிப் போய்க்கொண்டு இருந்தது.

அதே 1832-ல் எந்திரத்தின் ஏழில் ஒரு பகுதியை மட்டும் கிளெமெண்ட் பூட்டிக் கொடுத்தார். அது பிழை இல்லாமல் ஓடியது. வேலை தொடங்கி ஒன்பது ஆண்டுக்குப் பிறகுதான், ஓடும் பொருள் ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது!

பட்டறையில் சண்டை

பட்டறையைத் தன் வீட்டுப் பக்கம் மாற்ற வேண்டும் என்று பாபேஜ் விரும்பினார். கிளெமெண்ட் அதற்கு நஷ்டஈடு கேட்டார். பாபேஜ் மறுத்தார். அரசாங்கப் பணமும் தாமதமாகவே வந்தது. 1833-ல் கிளெமெண்ட் வேலையை நிறுத்தி, ஆட்களை அனுப்பிவிட்டார்.

கருவிகள் யாருக்குச் சொந்தம்? அந்தக் காலத் தொழில் வழக்கப்படி பட்டறைக்காரருக்கே சொந்தம், செலவைக் கொடுத்தது யாராக இருந்தாலும். வரைபடங்கள் பாபேஜ் கைக்கு வர ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. செய்து வைத்த சுமார் 12 ஆயிரம் உறுப்புகளில் பெரும்பாலானவை பின்னர் உருக்கப்பட்டன.

அதுவரை அரசாங்கம் செலவழித்தது 17 ஆயிரம் பவுனுக்கு மேல். 1831-ல் ஒரு ரெயில் என்ஜினின் விலை சுமார் 800 பவுன்தான். இருபதுக்கு மேற்பட்ட என்ஜின்கள் வாங்கும் பணம் போய்விட்டது.

புது ஆசை

வரைபடம் கையில் இல்லாத அந்த நாட்களில் பாபேஜுக்கு அதைவிடப் பெரிய யோசனை தோன்றியது. ஒரே வகைக் கணக்கு மட்டும் போடும் எந்திரம் எதற்கு? எந்தக் கணக்கையும் போடும் எந்திரம் வேண்டும். பட்டு நெசவுத் தறியில் துளை போட்ட அட்டைகள் பூவேலையை நடத்துவது போல, அட்டைகள் அதை நடத்தும். இன்றைய கம்ப்யூட்டரின் கரு இதுதான்.

அற்புதமான யோசனை. ஆனால் பழைய எந்திரம் முடியவில்லை. பழையதை முடிக்கவா, புதியதைத் தொடங்கவா என்று அவர் அரசாங்கத்தையே கேட்டார். அதிகாரிகள் அரண்டுபோனார்கள். 1842-ல் அரசாங்கம் திட்டத்தைக் கைவிட்டது. பிரதம மந்திரி ராபர்ட் பீலை பாபேஜ் நேரில் சந்தித்து வாதாடினார். சந்திப்பு கசப்பில் முடிந்தது.

நீட்டிய கையைத் தட்டினார்

கவிஞர் பைரனின் மகள் ஆடா லவ்லேஸ். புது எந்திரத்தின் அருமையை நன்கு உணர்ந்தவர். அந்த எந்திரம் ஒரு கடினமான கணக்கைப் போட வேண்டிய முறையை, படிப்படியாக எழுதி 1843-ல் வெளியிட்டார். உலகின் முதல் புரோகிராம் அதுவே என்று பலர் கூறுகிறார்கள்.

அதே ஆண்டு அவர் பாபேஜுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். எந்திரத்தைப் பற்றி மட்டும் பாபேஜ் சிந்திக்கட்டும். வெளி உலகத்தோடு பேசி வேலையை நடத்தும் பொறுப்பைத் தன்னிடம் விடட்டும் என்பது அவர் யோசனை.

பாபேஜுக்கு இல்லாத திறமை அதுதான். அவரோ மறுத்துவிட்டார். ஆடா 1852-ல் 36 வயதில் இறந்தார்.

அச்சகக்காரர் வென்றார்

இதற்கிடையில் ஸ்வீடன் நாட்டில் ஜார்ஜ் ஷூட்ஸ் என்ற அச்சகக்காரர், பாபேஜின் முதல் எந்திரம் பற்றிய கட்டுரையைப் படித்தார். அவரும் மகன் எட்வர்டும் எளிய எந்திரம் ஒன்றைச் செய்ய முடிவு செய்தார்கள். 1843-ல் மாதிரி முடிந்தது. 1853-ல் முழு எந்திரம் ஓடியது. 1855-ல் பாரிஸ் கண்காட்சியில் அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அமெரிக்க வான ஆராய்ச்சிக் கூடம் ஒன்று அதை விலைக்கு வாங்கியது.

பாபேஜ் பொறாமைப்படவில்லை. மனதாரப் பாராட்டினார்.

1871-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி பாபேஜ் காலமானார். அவர் மூளை இரண்டு பாதிகளாக லண்டனில் பாதுகாக்கப்பட்டது.

அவர் கனவு பலித்தது

1847 முதல் 1849 வரை பாபேஜ் இன்னொரு கணக்கு எந்திரத்துக்கு வரைபடம் போட்டு வைத்திருந்தார். லண்டன் விஞ்ஞானப் பொருட்காட்சிசாலை, அவருடைய 200-வது பிறந்த நாளை ஒட்டி, அந்த வரைபடத்தைக்கொண்டு 1991-ல் எந்திரத்தைக் கட்டியது. அது சரியாகக் கணக்குப் போட்டது! அச்சடிக்கும் பகுதியும் 2002-ல் முடிந்தது. பாபேஜின் கணக்கில் பிழை இல்லை. நடத்திய விதத்தில்தான் பிழை.

கம்ப்யூட்டர் புரோகிராம் வேலையிலும் இதே கதை நடக்கிறது. 1960-களில் ஐ.பி.எம். கம்பெனியில் மிகப் பெரிய புரோகிராம் வேலையை நடத்திய பிரெட் புரூக்ஸ், 1975-ல் ஒரு புத்தகம் எழுதினார். ஒருவர் கட்டும் இரண்டாவது படைப்புதான் ஆபத்தானது, முதலில் விட்ட ஆசைகளை எல்லாம் அதில் திணித்துவிடுவார் என்று எச்சரித்தார்.

ஆகவே இந்தத் தொழிலைக் கற்கும் தம்பி, தங்கைகள் மனதில் கொள்ள வேண்டியவை இவை: பேசியதை அன்றே எழுதி வையுங்கள். வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஓடும் பகுதியைச் சீக்கிரம் காட்டுங்கள். கருவியும் வரைபடமும் யாருக்குச் சொந்தம் என்று முதலிலேயே பேசி முடியுங்கள். புது யோசனை தோன்றினால் குறித்து வைத்துவிட்டு, கையில் உள்ளதை முடியுங்கள். நடத்தத் தெரிந்தவர் உதவ வந்தால், ஏற்றுக்கொள்ளுங்கள்.

இவற்றைக் கடைப்பிடித்து இருந்தால், பாபேஜ் தன் எந்திரம் ஓடுவதைத் தன் கண்ணாலேயே பார்த்திருக்கக்கூடும்.