ஆறே புள்ளிகள்!

மாணவச் செல்வங்களே, லிப்டில் பொத்தான்களின் அருகே சின்னச் சின்னப் புள்ளிகள் மேடாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஓர் எழுத்து முறை. அதை உருவாக்கியபோது லூயி பிரெயிலுக்கு வயது 15 தான்!

பிரான்ஸ் நாட்டில், பாரீஸ் அருகே உள்ள கூப்வ்ரே கிராமத்தில், 1809 ஜனவரி 4ல் லூயி பிறந்தார். அப்பா குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில், அப்பாவின் குத்தூசியை எடுத்து விளையாடினான் லூயி. அது ஒரு கண்ணில் குத்திவிட்டது. புண் சீழ் பிடித்து, மறு கண்ணையும் பாதித்தது. ஐந்து வயதுக்குள் பார்வை முழுவதும் போய்விட்டது.

பத்து வயதில், பாரீசில் இருந்த பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தான். அங்கே, சாதாரண எழுத்துகளையே புடைப்பாக அச்சிட்ட கனமான புத்தகங்கள் இருந்தன. தடவித் தடவி ஒரு வரி படிப்பதற்கே வெகுநேரம் ஆகும். எழுதவோ வழியே இல்லை.

அப்போது, சார்லஸ் பார்பியே என்ற ராணுவ அதிகாரி உருவாக்கிய புள்ளி எழுத்து முறை பள்ளிக்கு அறிமுகமானது. அதில் ஓர் ஒலிக்கு 12 புள்ளிகள் வரை வரும். விரல் நுனிக்குள் அது அடங்கவில்லை. விரலை மேலும் கீழும் நகர்த்த வேண்டியிருந்தது.

புள்ளிகளைக் குறைத்தால் என்ன என்று லூயி யோசித்தான். பல இரவுகள் முயன்று, 1824ல் ஆறு புள்ளிகளுக்குள் எழுத்தை அடக்கினான். கண்ணைப் பறித்த குத்தூசியைப் போன்ற கருவியால் தான், தாளில் அந்தப் புள்ளிகளைக் குத்தினான்!

நீங்களும் ஒரு தாளில், பக்கத்துக்கு மூன்றாக இரண்டு வரிசைப் புள்ளிகள் வையுங்கள். ஒவ்வொரு புள்ளியும் மேடாக இருக்கலாம் அல்லது இல்லாமல் இருக்கலாம். 2ஐ ஆறு முறை பெருக்கினால் 64. எதுவுமே மேடாக இல்லாத ஒன்றைக் கழித்தால், 63 வடிவங்கள்! புள்ளிகள் எல்லாம் ஒரே மாதிரி தான். எது எந்த இடத்தில் இருக்கிறது என்பதில் தான் எழுத்து இருக்கிறது. இசைக் குறியீடு, கணக்கு எல்லாவற்றையும் இதில் எழுதலாம்.

1829ல் இம்முறையை லூயி நூலாக வெளியிட்டார். அதே பள்ளியில் ஆசிரியரும் ஆனார். ஆனால், 1840ல் வந்த புதிய தலைமை அதிகாரி இந்த எழுத்துக்குத் தடை போட்டார். மாணவர்கள் விடுவார்களா? ஒளித்து வைத்து எழுதினர், படித்தனர். 1844ல் பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழாவில், எல்லார் முன்பும் இந்த எழுத்தின் பயன் விளக்கிக் காட்டப்பட்டது.

காசநோயால் வாடிய லூயி, 1852 ஜனவரி 6ல், 43வது வயதில் மறைந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1854ல் தான் பிரான்ஸ் இம்முறையை அதிகாரப்பூர்வமாக ஏற்றது. அதைக் காண அவர் இல்லை.

இன்று தமிழுக்கும் பிரெயில் உண்டு. இடப்பக்க மேல் புள்ளி ஒன்று மட்டும் மேடாக இருந்தால், அது 'அ'. கணினியோடு இணைக்கும் பிரெயில் கருவியில், வரிசை வரிசையாக நிற்கும் குட்டி ஊசிகள் மேலெழும்பி, திரையில் உள்ளதை விரலுக்குச் சொல்கின்றன.

அடுத்த முறை லிப்டில் ஏறும்போது, கண்களை மூடிக்கொண்டு அந்தப் புள்ளிகளை ஒரு முறை தொட்டுப் பாருங்கள், செல்லங்களே!