பனிமலையில் ஒரு சத்திரம்: புனித பெர்நார்தின் வாழ்வும் பணியும்

பனி என்றதும் நம் நினைவுக்கு வருவது மார்கழி விடியலில் புல்நுனியில் நின்று, வெயில் ஏறியதும் மறைந்துபோகும் பனிதான். ஆனால் ஆள் உயரத்துக்கு மேல் குவிந்து வழியை மூடி, மலைச்சரிவிலிருந்து திடீரெனப் பெயர்ந்து வந்து மனிதரைப் புதைத்துவிடும் பனியும் உண்டு. அத்தகைய பனியில் சிக்கியவர்களைத் தேடிக் காப்பதைத் துறவிகளின் அன்றாடக் கடமையாக்கிய புனிதர் ஒருவரின் வரலாற்றை இந்த ஜூபிலி மலரில் நம் பங்கு மக்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம். மலைவாழ் மக்களுக்கும், மலையேறுவோருக்கும், பனிச்சறுக்கு வீரர்களுக்கும் பாதுகாவலரான புனித பெர்நார்து அவர். கிளேர்வோ மடத்து அதிபரான புனித பெர்நார்து வேறு. இவர் அவருக்கு முந்திய தலைமுறையினர்.

இவர் 11-ம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அன்னேசி ஏரிக்கரையிலுள்ள மாந்தோன் கோட்டையின் பிரபுக் குடும்பத்தில் பிறந்தார் என்றும், பெற்றோர் பார்த்த பெண்ணை மணக்க விரும்பாமல் திருமணத்துக்கு முந்திய இரவில் சன்னல் வழியே குதித்துத் தப்பினார் என்றும் பழங்கதைகள் கூறும். இவை பிற்காலத்தில் எழுதப்பட்டவை. அவர் இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள ஆவோஸ்தா மறைமாவட்டத்தில் தலைமைத் திருத்தொண்டராக இருந்தார் என்பதும், பள்ளத்தாக்கு ஊர்களெங்கும் நடந்து சென்று மறையுரை ஆற்றினார் என்பதும் வரலாறு.

ஆவோஸ்தாவிலிருந்து வடக்கே இன்றைய சுவிட்சர்லாந்துக்குச் செல்லும் மலைவழி, 2,469 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாயைக் கடக்கிறது. ரோமையர் காலத்தில் அங்கே ஜூப்பித்தர் கோயில் ஒன்று இருந்தது. உரோமைக்குச் செல்லும் திருப்பயணிகளும் வணிகரும் அவ்வழியேதான் சென்றனர். 10-ம் நூற்றாண்டில் கொள்ளையரின் தொல்லை பெருகியது. அதோடு பனியும் குளிரும் பலரைப் பலிகொண்டன. உயிர் தப்பியோர் கைகால் விறைத்து ஆவோஸ்தாவுக்கு இறங்கி வந்தனர். அவர்களைக் கண்ட பெர்நார்து, அடிவாரத்தில் காத்திருப்பது போதாது என்று உணர்ந்தார். 1050-ம் ஆண்டையொட்டி, கணவாயின் உச்சியிலேயே ஒரு சத்திரத்தை எழுப்பினார். சிறிய சான் பெர்நார்து எனப்படும் மற்றொரு கணவாயின் சத்திரமும் அவர் பெயரையே தாங்குகிறது. 1080-களில் அவர் நொவாரா நகரில் உயிர்நீத்து, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

நிறுவியவர் மறைந்தபின் எத்தனையோ நற்பணிகள் நின்றுபோவதைக் காண்கிறோம். இந்தச் சத்திரமோ ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக நிலைத்து நிற்கிறது. புனித அகுஸ்தீனாரின் ஒழுங்கைப் பின்பற்றும் துறவிகள் அதை நடத்தி வருகின்றனர். ஏழை பணக்காரர் என்று பாராமல், வந்தவர் அனைவருக்கும் பல நூற்றாண்டுகள் கட்டணமின்றி உணவும் படுக்கையும் அளித்தனர். 1800-ம் ஆண்டு மே மாதத்தில் நெப்போலியன் சுமார் 40,000 வீரர்களோடு அக்கணவாயைக் கடந்தபோது, அவர்களுக்கும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் திராட்சை இரசமும் வழங்கினர்.

ஆயினும் கதவைத் திறந்து வைத்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. குளிர்காலத்தில் சத்திரத்தின் பணியாளர்கள் மலையின் இருபுறமும் குறித்த இடம்வரை நாள்தோறும் உணவோடு இறங்கிச் சென்று பயணிகளைத் தேடினர். மூடுபனியில் திசை தெரிய மணி ஒலித்தனர். நீண்ட கழிகளைப் பனியில் குத்திப் புதைந்தவர்களைத் தேடினர். இப்பணியில் துறவிகள் சிலரும் பனிச்சரிவில் மாண்டனர்.

17-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சத்திரத்திற்கு வந்த பெரிய நாய்கள் பின்னர் இப்பணியில் துணை நின்றன. அவற்றுள் புகழ்பெற்றது 1800-ல் பிறந்த பாரி. அது நாற்பது பேரைக் காப்பாற்றியதாகச் சொல்வர். காப்பாற்ற வந்த பாரியை, ஓநாய் என்று எண்ணி ஒருவன் கொன்றுவிட்டான் என்ற கதை உண்மையன்று. முதுமையில் பெர்ன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1814-ல் அங்கே அது இறந்தது. படங்களில் நாயின் கழுத்தில் தொங்கும் மதுப்பீப்பாயும் ஓவியர் வழியாகப் பரவிய கற்பனையே.

1923-ம் ஆண்டு திருத்தந்தை 11-ம் பத்திநாதர், புனித பெர்நார்தை ஆல்ப்ஸ் மலைவாழ் மக்களுக்கும் மலையேறுவோருக்கும் பாதுகாவலராக அறிவித்தார். அத்திருத்தந்தையும் மலையேறுபவரே. இளங்குருவாயிருந்தபோது, 1889-ல், மோன்தே ரோசா மலையின் கடினமான கிழக்குச் சுவரில் ஏறி, உச்சிக்கு அருகே கடுங்குளிரில் ஓர் இரவைக் கழித்தவர். ஆபத்தை நேரில் அறிந்தவர் செய்த அறிவிப்பு அது.

1964-ல் கணவாய்க்கு அடியில் சுரங்கச் சாலை திறக்கப்பட்டதால், இன்று வாகனங்கள் ஆண்டு முழுதும் செல்கின்றன. மேலே உள்ள சத்திரத்திற்குக் குளிர்காலத்தில் சறுக்குக் கட்டைகளிலோ பனிக் காலணிகளிலோதான் போக முடியும். அப்போதும் அது மூடப்படுவதில்லை. அங்கே பிறந்த தேடும் பணியோ உலகெங்கும் பரவியுள்ளது. பனிச்சறுக்குத் தலங்களில் காவற்படையினர் விடியுமுன் எழுந்து பனியின் அடுக்குகளைச் சோதிக்கின்றனர். ஆபத்தான பனியை, மக்கள் வருமுன்னே வெடிவைத்துச் சரியச் செய்கின்றனர். பாதுகாப்பற்ற தடங்களைக் கயிறு கட்டி அடைக்கின்றனர். மாலையில் எல்லாரும் இறங்கியபின், எவரேனும் பின்தங்கிவிட்டாரா என்று தடமெங்கும் கடைசியாக ஒரு முறை பார்த்து வருகின்றனர். பனியில் புதைந்தவரை முதல் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் உயிர் பிழைப்பார். அரைமணி கடந்தால் நம்பிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். எனவே மலைக்குச் செல்வோர் ஒவ்வொருவரும் அடையாள வானொலிச் சமிக்ஞை அனுப்பும் கருவி, தேடும் கம்பி, மண்வாரி ஆகிய மூன்றையும் உடன் கொண்டுசெல்லுமாறு வற்புறுத்துகின்றனர். உதவி வரும்வரை அருகிலிருப்பவரே மீட்பர்.

நம் ஊரில் பனிமலை இல்லை. ஆனால் வழி தவறியவர்கள் நம்மிடையே இல்லை என்று சொல்ல இயலுமா? நோயால் வீட்டோடு முடங்கியவர், கடனில் சிக்கி வெளியே வர வெட்கப்படுபவர், மனத்தாங்கலால் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டவர் ஆகியோர் நம் வாசலுக்கு வந்து மணி அடிக்கப்போவதில்லை. அந்தி வேளையில் ஒருமுறை தெருவைச் சுற்றி வந்து, யார் காணவில்லை என்று கேட்கும் ஒரு சிலராவது நம் அன்பியங்களில் எழவேண்டும். இந்த ஜூபிலி ஆண்டில் அவ்வரத்தைப் புனித பெர்நார்தின் மன்றாட்டால் இறைவன் நமக்கு அருள்வாராக.