அடைக்கலம் தேடிய பொன்வித்தகன்

உணவு உண்ணும் தட்டையே பீங்கான் என்றழைத்துப் பழகியவர்கள் நாம். ஆனால் ஐரோப்பியருக்கு 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வெண்பீங்கான் செய்யும் முறை தெரியாது. சீனாவிலிருந்தும் யப்பானிலிருந்தும் கப்பலில் வந்த கலங்களுக்கு அரசர்கள் பெரும் பொருளை வாரியிறைத்தனர். ஜேர்மனியில் அந்த இரகசியம் வெளிப்பட்ட கதை, எல்லை கடந்து ஓடிவந்த ஓர் இளைஞனின் கதையாகும்.

யோகான் பிரெடெரிக் பொட்கர் 1682இல் சிலைஸ் என்னும் ஊரிற் பிறந்தவர். பேர்லினில் மருந்துக்கடை ஒன்றில் தொழில் பழகிய காலத்தில், நாணயங்களைப் பொன்னாக்க வல்லவர் என்ற பேச்சு அவரைப் பற்றிப் பரவியது. அப்பேச்சைப் பரப்பியதில் அவருக்கும் பங்குண்டு. புருசிய மன்னர் அவரைத் தன்வசப்படுத்த முயல, 1701இல் அயல்நாடான சாக்சனியின் விற்றன்பேர்க் நகருக்குத் தப்பியோடினார். அவரை ஒப்படைக்குமாறு புருசியா கோரியது. சாக்சனி மறுத்தது. ஆயினும் அது இரக்கத்தினால் அன்று. சாக்சனியின் அதிபதி வலிமைமிகு ஓகஸ்டஸும் பொன்னையே விரும்பினார். புகலிடம் தேடிச் சென்றவர் டிறெஸ்டனிற் கைதியானார். அப்பொழுது அவருக்கு வயது 19.

1703இல் தப்பி ஒஸ்திரியா வரை சென்றவர் பிடித்துவரப்பட்டார். பொன் வரவில்லை. கணிதத்திலும் கண்ணாடித் தொழிலிலும் வல்லவரான சிர்ன்ஹவுஸ் என்னும் அறிஞரின் மேற்பார்வையில் அவர் மண்ணையும் சூளையையும் ஆராயலானார். 1706இல் சுவீடன் படை சாக்சனிக்குள் நுழைந்தபோது, எதிரியிடம் சிக்காதிருக்க ஏறத்தாழ ஓராண்டு கேனிக்ஸ்ரைன் கோட்டையில் அடைக்கப்பட்டார்.

பின்னர் டிறெஸ்டன் கோட்டை அரணின் நிலவறையில் சோதனைகள் தொடர்ந்தன. கோல்டிற்ஸ் பகுதியின் வெண்களிமண்ணுடன் அலபாஸ்ரர் என்னும் வெண்கல்லைச் சேர்த்துக் கடும் வெப்பத்திற் சுட்டபோது, ஒளி ஊடுருவும் வெண்ணிறக் கலம் கிடைத்தது. அச்சோதனைகள் 1708 ஜனவரி 15ஆம் நாளிட்ட குறிப்பிற் பதிவாகியுள்ளன. அவ்வாண்டே சிர்ன்ஹவுஸ் காலமானார். கண்டுபிடிப்பு எவருடையது என்னும் வழக்கு இன்றும் ஓயவில்லை. ஒருவருக்கே அப்பெருமையை எழுதிவைப்பது முறையன்று என்பதே என் எண்ணம்.

1710இல் மைசன் நகரின் அல்பிரெக்ற்ஸ்பேர்க் கோட்டையில் ஆலை அமைந்தது. குன்றின் மேலிருந்த கோட்டையில் இரகசியத்தைக் காப்பது எளிதாயிற்று. பொட்கரே அதன் நிர்வாகி. ஆயினும் ஆலையை நடத்தியவர் 1714 வரை கைதியாகவே இருந்தார். விடுதலையும் நிபந்தனையுடனேயே கிடைத்தது: இரகசியத்தை வெளியிடலாகாது, சாக்சனியை விட்டு நீங்கலாகாது.

பீங்கான்மீது ஓகஸ்டஸுக்கிருந்த மோகம் தணியவில்லை. 1717இல் தம் குதிரைப்படையினர் 600 பேரைப் புருசியாவுக்குக் கொடுத்து 151 சீனக் கலங்களைப் பெற்றார். இரகசியமும் கோட்டைக்குள் நிற்கவில்லை. 1718இல் வியன்னாவில் எழுந்த போட்டி ஆலைக்கு மைசன் தொழிலாளர் சிலரே அதைக் கொண்டு சென்றனர்.

நலம் குன்றிய பொட்கர் 1719 மார்ச் 13ஆம் நாள் டிறெஸ்டனிற் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 37. மைசன் கலங்களில் இன்றும் காணப்படும் குறுக்கு வாள்களின் சின்னம் அவர் இறந்து சில ஆண்டுகளின் பின்னரே வழக்கிற்கு வந்தது.