குயிலுக்குக் காது கொடுத்தவர்: மா. கிருஷ்ணன்



பங்குனி மாதம் பாதி கடந்ததும் உங்கள் தெருவில் இருக்கும் வேப்பமரத்தை அண்ணாந்து பாருங்கள். பழைய இலைகள் உதிர்ந்து, செம்பு நிறத்தில் கொழுந்து விட்டிருக்கும். சில நாட்களில் மரம் முழுவதும் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள். சித்திரை முதல் நாள் அம்மா பச்சடியில் போடுவது அந்தப் பூவைத்தான். அதே சமயத்தில் விடியற்காலையில் குயிலும் கூவத் தொடங்கிவிடும். முதலில் மெதுவாக ஆரம்பித்து, போகப் போகக் குரலை உயர்த்தி, சட்டென்று நிறுத்திவிடும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆலைச் சங்கு ஊதினாலும், ஜி.என்.டி. சாலையில் லாரிகள் இரைந்துகொண்டு போனாலும் அது தன் பாட்டை விடுவதில்லை.

உங்களுக்கு ஒரு கேள்வி. கூவுவது ஆண் குயிலா, பெண் குயிலா? இனிமையான குரல் என்பதால் பெண் குயில் என்றுதான் பலரும் சொல்வார்கள். உண்மையில் கூவுவது ஆண் குயில். அதன் உடல் முழுவதும் கறுப்பு, கண் மட்டும் சிவப்பு. பெண் குயில் பழுப்பு நிறம். உடலெங்கும் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வேறு வேறு பறவைகள் என்றே நினைத்துவிடுவோம்.

இப்படிப்பட்ட செய்திகளை வெறுமனே படித்து ஒப்பிக்காமல், தானே நடந்து போய்ப் பார்த்து, வாழ்நாள் முழுவதும் எழுதி வந்த தமிழர் ஒருவர் சென்னையில் வாழ்ந்தார். அவர்தான் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன்.

கீரிப்பிள்ளை வளர்த்த சிறுவன்

கிருஷ்ணன் 1912-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். வீட்டில் எட்டுக் குழந்தைகள், இவர்தான் கடைக்குட்டி. இவருடைய அப்பா யார் தெரியுமா? தமிழின் தொடக்ககால நாவல்களில் ஒன்றான 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையா. அவர் உப்பு இலாகாவில் அதிகாரியாக இருந்தவர். ஓய்வு பெற்ற பின் சென்னைக்கு வந்து 'பஞ்சாமிர்தம்' என்ற பத்திரிகையை நடத்தினார்.

குடும்பம் மயிலாப்பூரில் வசித்தது. இன்று அந்தப் பக்கம் போனால் சாலையைக் கடப்பதே பெரும்பாடு. நூறு ஆண்டுகளுக்கு முன்போ அங்கே புதர்க்காடு இருந்தது. ஏராளமான பறவைகளும், நரிகளும், ஏன், வெளிமான்கள்கூட இருந்தன என்றால் நம்ப முடிகிறதா? அந்தச் சூழ்நிலையில் வளர்ந்த கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையைச் செல்லமாக வளர்த்தார்.

1925-இல் அப்பா இறந்துபோனார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று. மூத்த அக்கா லட்சுமி அவரைப் பார்த்துக்கொண்டார்.

மதிப்பெண் தராத பாடம்

இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்த கிருஷ்ணன் 1927-இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஒரு நல்ல ஆசிரியர் வாய்த்தார். அவர் பெயர் ஃபைசன். மலைச்செடிகளைப் பற்றி நூல் எழுதிய தாவரவியல் பேராசிரியர். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செடி கொடிகளை ஆராயப் போகும்போது கிருஷ்ணனையும் அழைத்துச் சென்றார். பேராசிரியரின் மனைவியிடம் கிருஷ்ணன் நீர்வண்ண ஓவியம் கற்றார். ஒரு பூவை வரைய வேண்டுமானால் அதன் இதழ்களை எண்ண வேண்டும், இலை எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்க்க வேண்டும் அல்லவா? இந்தப் பயிற்சி பின்னாளில் அவருக்கு மிகவும் உதவியது.

பி.ஏ., எம்.ஏ., சட்டப்படிப்பு எல்லாம் முடித்தார். ஆனால் தேர்வுகளில் அவர் வாங்கிய மதிப்பெண்கள் குறைவு. அதனால் வேலை கிடைக்கவில்லை. பத்திரிகைகளுக்குச் சிறு கட்டுரைகள் எழுதியும் படங்கள் வரைந்தும் சொற்ப வருமானத்தில் காலம் தள்ளினார். 1937-இல் இந்துமதி அம்மையாரை மணந்தார். குடும்பப் பொறுப்பும் வந்துவிட்டது.

மதிப்பெண் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நன்றாகப் படியுங்கள். ஆனால் மலையேறி நடந்து அவர் கற்றதை அளக்க அந்தக் காலத்து மதிப்பெண் பட்டியலில் இடம் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆடு மேய்த்த நீதிபதி

1942-இல் பெல்லாரிக்கு அருகில் உள்ள சண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. அங்கே அவர் பார்த்த வேலைகளைக் கேட்டால் சிரிப்பு வரும். பள்ளி ஆசிரியராக இருந்தார், நீதிபதியாக இருந்தார், விளம்பர அதிகாரியாகவும், மகாராஜாவின் அரசியல் செயலாளராகவும் இருந்தார். நேரம் கிடைத்தபோதெல்லாம் காட்டுக்குப் போய்விடுவார். ஆடு மேய்த்துப் பார்த்தார். புறா மூலம் கடிதம் அனுப்புவதற்காகப் புறாக்களையும் வளர்த்தார்.

1949-இல் சண்டூர் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். வேறு யாராக இருந்தாலும் இன்னொரு சம்பள வேலை தேடியிருப்பார்கள். அவரோ இனி எழுத்தும் படமும்தான் தன் பிழைப்பு என்று முடிவு செய்தார். மாதா மாதம் சம்பளம் வராத வாழ்க்கை எவ்வளவு கடினம் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நாற்பத்தாறு ஆண்டுகள்

1950-இல் கல்கத்தாவிலிருந்து வந்த 'ஸ்டேட்ஸ்மன்' ஆங்கில நாளிதழில் 'கன்ட்ரி நோட்புக்' என்ற பகுதியை எழுதத் தொடங்கினார். நாட்டுப்புறக் குறிப்பேடு என்று நாம் சொல்லலாம். பதினைந்து நாளுக்கு ஒரு கட்டுரை. ஒன்றல்ல, இரண்டல்ல, 46 ஆண்டுகள் எழுதினார்! ஆண்டுக்கு 26 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆயிரத்தைத் தாண்டும்.

அவ்வளவு எழுத விஷயம் எங்கே கிடைத்தது? யானையையும் காட்டெருமையையும் தேடி அவர் காடு காடாக அலைந்தது உண்மை. ஆனால் வீட்டைச் சுற்றி இருக்கும் காக்கை, மைனா, ஆந்தை, அணில் இவற்றையும் அதே அக்கறையோடு கவனித்தார். 1961-இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தின் பெயருக்குப் பொருளே காடும் கொல்லைப்புறமும் என்பதுதான். தமிழிலும் அவர் எழுதினார். 'மழைக்காலமும் குயிலோசையும்', 'பறவைகளும் வேடந்தாங்கலும்' என்ற தொகுப்புகளை நூலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

புகைப்படம் எடுப்பதிலும் வல்லவர். வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கனமான கேமராவைச் சுமந்துகொண்டு காட்டுக்குப் போவார். கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் எடுப்பார். 1968-இல் ஜவஹர்லால் நேரு பெயரில் வழங்கப்படும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. அதைக் கொண்டு தென்னிந்தியக் காடுகளில் உள்ள பாலூட்டி விலங்குகளை ஆராய்ந்தார். 1970-இல் அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது.

எந்த மரம் நம் மரம்?

படித்தவர்களுக்கே தம் ஊர் மரத்தின் பெயரும் பறவையின் பெயரும் தெரியவில்லையே என்று அவர் வருந்தினார். பெயர்கூடத் தெரியாத ஒன்று அழிந்தால் யார் கவலைப்படுவார்கள்? அழகுக்காக வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து சாலையோரம் நடுவதும் அவருக்குப் பிடிக்காது. நம் மண்ணின் மரங்கள் இருக்கும்போது அவை எதற்கு என்பது அவர் கட்சி.

கோடையில் செக்கச் செவேல் என்று பூக்கும் மயிற்கொன்றையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சொந்த ஊர் ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் உள்ள மடகாஸ்கர் தீவு. 2016 டிசம்பரில் நம் பக்கம் வர்தா புயல் அடித்தபோது சாய்ந்த மரங்களில் மயிற்கொன்றைகள் ஏராளம். சிவப்பாகப் பூக்கும் நாட்டு மரம் நம்மிடம் இல்லையா? புரசு இருக்கிறது. சென்னைப் புரசைவாக்கத்துக்கு அந்த மரத்தால்தான் பெயர் வந்தது என்பார்கள். இன்று அங்கே எத்தனை பேருக்குப் புரச மரத்தை அடையாளம் காட்டத் தெரியும்?

1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை. அன்று அவருடைய கட்டுரை வழக்கம்போல வெளிவந்தது. அதே நாளில் கிருஷ்ணன் காலமானார். அப்போது அவருக்கு வயது 83.

நீங்களும் செய்து பாருங்கள்

நம் திருவள்ளூர் மாவட்டத்தில் பறவை என்றதும் பழவேற்காட்டுப் பூநாரைகள்தான் நினைவுக்கு வரும். அவற்றைப் பார்க்கப் பஸ் ஏறிப் போக வேண்டும். குயிலைப் பார்க்க வாசலுக்கு வந்தால் போதும். கிருஷ்ணன் காட்டிய வழி இதுதான்.

இந்தக் கோடை விடுமுறையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் காலையில் வெயில் ஏறுவதற்கு முன் வீட்டைச் சுற்றியோ ஏரிக்கரை வரையோ பெரியவர்களுடன் நடந்துவிட்டு வாருங்கள். தேதி, நேரம், இடம் எழுதி, பார்த்ததை மட்டும் கீழே குறியுங்கள். புங்கமரம் என்று தளிர் விட்டது? கரிச்சான் எந்தக் கம்பியில் உட்கார்ந்தது? காக்கை எந்த மரத்துக்குக் குச்சி சுமக்கிறது? காக்கை கூடு கட்டினால் அருகில் குயிலையும் தேடுங்கள். ஏனென்றால் பெண் குயில் தன் முட்டையைக் காக்கையின் கூட்டில்தான் இடும். கூட்டின் அருகில் போகாதீர்கள். தூரத்திலிருந்து பார்த்தால் போதும். பெயர் தெரியாத பறவையைப் படம் வரைந்துகொண்டு வந்து தாத்தா பாட்டியிடம் கேளுங்கள்.

பள்ளி திறக்கும்போது அந்த நோட்டை உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். அதற்கு மதிப்பெண் கிடைக்காமல் போகலாம். ஆனால் உங்கள் தெருவில் உங்களோடு குடியிருக்கும் பத்துப் பறவைகளை உங்களுக்குப் பெயர் சொல்லத் தெரிந்திருக்கும்.