கடலைக் கண்ணாடியில் கண்ட காரிகை

மீன்தொட்டி என்றதும் வண்ண மீன்களும் நீர்க்குமிழிகளும் நம் கண்முன் தோன்றுகின்றன. கடல் உயிர்களை ஆராய்வதற்கென்று கண்ணாடித் தொட்டியை முதன்முதலில் அமைத்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. பல்கலைக்கழகத்தில் பயின்ற பேராசிரியரா? அரண்மனையில் வளர்ந்த செல்வரா? இருவரும் இல்லை. ஊசியும் நூலும் கொண்டு பிழைத்த ஒரு பெண்மணி! அவரே ழான் வில்ப்ரோ பவர் அம்மையார்.

அம்மையார் 1794ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் பிரான்சு நாட்டின் ழுய்யாக் என்னும் சிற்றூரில் பிறந்தார். நம் அண்டை ஊராகிய புதுச்சேரியை 1954 வரை ஆண்ட அதே பிரான்சுதான். விழுப்புரம், திண்டிவனம் போலவே ழுய்யாக்கும் கடல் இல்லாத ஊர். எளிய குடும்பம், இளமையிலேயே தாயை இழந்தார். பதினெட்டு வயதில் பிழைப்புத் தேடிப் பாரிஸ் நகருக்கு நடந்தே புறப்பட்டார். அந்த வழி 400 கிலோமீட்டருக்கும் மேல். விழுப்புரத்திலிருந்து திருநெல்வேலி வரை நடப்பதற்கு ஏறத்தாழ ஒப்பாகும்!

பாரிஸில் தையற்கடையில் உதவியாளராகச் சேர்ந்தார். அவரது கைத்திறன் விரைவில் வெளிப்பட்டது. 1816இல் இளவரசி கரோலினின் திருமண உடையைத் தைக்கும் பேறு அவருக்குக் கிட்டியது. அதனால் பெயர் பரவியது. ஜேம்ஸ் பவர் என்ற ஆங்கில வணிகரின் அறிமுகமும் ஏற்பட்டது. 1818இல் அவரை மணந்து, இத்தாலியின் தெற்கே உள்ள சிசிலித் தீவில் மெசினா என்னும் துறைமுக நகரில் குடியேறினார்.

வசதியான வாழ்வு வந்தது. ஆனால் அம்மையார் ஓய்ந்திருக்கவில்லை. நூல்களைத் தாமே கற்றார். தீவு முழுவதும் நடந்து செடிகளையும் பூச்சிகளையும் சிப்பிகளையும் திரட்டினார். கடலே அவர் நெஞ்சைப் பெரிதும் கவர்ந்தது.

அந்நாளில் அறிஞர்களிடையே ஒரு வழக்கு இருந்தது. ஆர்கொனாட் என்பது பேய்க்கணவாய் இனத்தைச் சேர்ந்த கடல் உயிர். அதன் பெண், காகிதம் போல் மெல்லிய வெண்ணிற ஓட்டில் வாழும். அந்த ஓடு அதன் சொந்த வீடா? அல்லது வேறோர் உயிர் விட்டுச் சென்ற ஓட்டில் அது குடியேறுகிறதா? உடலோடு ஓடு ஒட்டியிருப்பதில்லை. ஆகவே அது திருட்டு வீடே என்று பலர் வாதிட்டனர். அவர்கள் கையில் இருந்தவை இறந்த உயிர்களும் வெற்று ஓடுகளுமே. இறந்த உயிர் வீடு கட்டிக் காட்டுமா?

உயிரோடு பார்த்தாலன்றி உண்மை விளங்காது என்று அம்மையார் உணர்ந்தார். 1832ஆம் ஆண்டு முதல் மூவகைத் தொட்டிகளை அமைத்தார். ஒன்று, வீட்டில் வைக்கும் கண்ணாடித் தொட்டி. மற்றொன்று, கூண்டுக்குள் கண்ணாடி வைத்து ஆழமில்லாத கடலில் இறக்கக் கூடியது. மூன்றாவது, நங்கூரமிட்டுக் கடலடியில் நிறுத்தும் பெருங்கூண்டு. ஆர்கொனாட் முட்டைகள் பொரிந்து, குஞ்சுகள் தாமே ஓடு செய்யத் தொடங்குவதைக் கண்டார். வளர்ந்தவற்றின் ஓட்டில் ஒரு துண்டை உடைத்தெடுத்தார். அது தன் அகன்ற இரு கைகளால் ஓட்டைத் தழுவிப் பழுது பார்த்தது. வழக்குத் தீர்ந்தது! ஓடு ஆர்கொனாட்டின் சொந்த வீடே; தாய் தன் முட்டைகளுக்காகக் கட்டும் தொட்டிலே. புகழ்பெற்ற விலங்கியல் அறிஞர் ரிச்சர்டு ஓவன் லண்டனில் இந்த ஆய்வை எடுத்துரைத்தார். கட்டானியா நகரின் அறிவியல் கழகம் தன் முதல் பெண் உறுப்பினராக அம்மையாரை ஏற்றது.

பின்பு பெருந்துன்பம் வந்தது. 1838இல் அவரது தொகுப்புகளையும் ஆய்வுப் பொருள்களையும் ஏற்றிச் சென்ற கப்பல் பிரான்சுக் கரையருகே மூழ்கியது. ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்ததில் பெரும்பகுதியைக் கடலே திரும்ப எடுத்துக்கொண்டது. அதன்பின் பெரிய ஆய்வுகளை அவர் நடத்தவில்லை. ஆயினும் எழுதுவதை விடவில்லை. 1842இல் சிசிலியைப் பற்றி வழிகாட்டி நூல் வெளியிட்டார். 1843இல் தீவை விட்டு வந்து பாரிஸிலும் லண்டனிலும் வாழ்ந்தார். 1870இல் பாரிஸ் நகரைப் பகைவர் முற்றுகையிட்டபோது பிறந்த ஊர் சென்று, 1871 ஜனவரியில் அங்கேயே கண் மூடினார். நெடுங்காலம் உலகம் அவரை மறந்திருந்தது. 1997இல் வெள்ளிக் கோளிலுள்ள ஒரு பெரும் பள்ளத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

அம்மையாரின் வீடு கடலோரத்தில் இருந்தது. புதிய கடல்நீர் எப்போதும் கிடைத்தது. கடல் இல்லாத ஊரில் என் செய்வது? 1846இல் ஆனா தைன் என்னும் ஆங்கிலப் பெண்மணி, உயிருள்ள பவளங்களைக் கடலோரத்திலிருந்து லண்டனுக்குக் கொண்டுவந்தார். தொட்டி நீரை அவர் வீட்டுப் பணிப்பெண் நாள்தோறும் சன்னலருகே நின்று பாத்திரம் மாற்றி மாற்றி ஊற்றி, காற்றுக் கலக்கச் செய்தார். பிறகு கடற்பாசிகளையும் சேர்த்தார்கள். பவளங்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. இங்கும் ஒரு பெண்ணின் அறிவும், பெயர் தெரியாத இன்னொரு பெண்ணின் உழைப்பும்!

நீர் ஏன் கெடுகிறது என்பது 1890ஆம் ஆண்டையொட்டி ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கியின் ஆய்வுகளால் தெளிவாகத் தொடங்கியது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. அதைப் பாசிகள் ஓரளவு உண்ணும். எஞ்சியதை நாம் நீர் மாற்றிக் குறைக்க வேண்டும். இந்த நுண்ணுயிர்கள் மணலிலும் நுண்துளைக் கற்களிலும் குடியேறிப் பெருக வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் மீன் விடலாகாது. சிறிதளவு தீனியை மட்டும் இட்டு, நீரைச் சோதித்து வர வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் அற்றுப்போன பின்னரே முதல் மீன். பவளம் அதற்கும் பிறகு. தொட்டி சிறிதாயின் நஞ்சு விரைவில் மிகும். ஆகவே சிறிய தொட்டிக்கே பெரிய பொறுமை தேவை.

திண்டிவனத்திற்குக் கிழக்கே மரக்காணத்து உப்பளங்களைக் கண்டவர்களுக்கு மற்றொன்று எளிதில் விளங்கும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. வெயிலில் நீர் மட்டும் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். ஆகையால் தொட்டி நீர் குறையும்போது உப்பில்லாத தூய நீரையே ஊற்ற வேண்டும். சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாது. பவளத்திற்குச் சுண்ணமும் மக்னீசியமும் வேண்டும். நம் ஊர்க் கோடை வெப்பத்தையும் பவளம் தாங்காது. தொட்டி நீரைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும்.

நம் தமிழகத்திலும் 1909இல் சென்னைக் கடற்கரையில் கடல்மீன் காட்சிசாலை ஒன்று திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போர்க்காலம் வரை மக்களை மகிழ்வித்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிலும் பவளப்பாறைகள் உள்ளன. அவற்றை எடுப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். எனவே தொட்டி அமைக்க விரும்புவோர் கடலிலிருந்து பவளத்தையோ பாறையையோ பெயர்த்து வரலாகாது. கடலைக் கொள்ளையிட்டுக் கடலை நேசிக்க முடியுமா?

அன்புத் தோழியரே! பட்டம் பெற்றவர்கள் இறந்த ஓடுகளை வைத்து வாதிட்டபோது, பள்ளிப் படிப்பு மிகாத அம்மையார் உயிரைக் காத்துவைத்து, காத்திருந்து, கண்டறிந்தார். தையல் பழகிய கைக்கு அவசரம் தெரியாது. ஒவ்வொரு தையலும் அடுத்த தையலுக்குக் காத்திருக்கும். விடையை விரைவாகச் சொல்பவரே அறிவாளி என்று நினைக்கும் நாம், நீர் பக்குவமாகும் வரை காத்திருக்கும் அந்தப் பொறுமையையும் கல்வியாகக் கொள்வோமாக!